மடியில் ஒரு மடக்குக்கத்தி

கம்பைநல்லூர்ச் சந்தையில் இரும்புச் சாமான் விற்கும் சவுரியப்பன் முன்னால் குந்தியிருந்தது தன் அண்ணன் மாதையன்தான் என்று தெரிந்ததும், தீர்த்தகிரி புளி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

மாதையன் மடக்குக்கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது வேண்டாம். ரெண்டு கை வேணும்போல இருக்குது. ஒத்தைக் கையில சட்டுனு விரியணும்."

"பாக்கு வெட்டத்தானுங்களே?" என்றான் சவுரியப்பன்.

"எதுக்கா இருந்தா என்ன? ஒரே இழுப்புல அறுந்துடணும். ரெண்டாவது இழுப்புக்கு நேரம் இருக்காது."

தீர்த்தகிரி மூட்டைக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டான்.

அண்ணனும் தம்பியும் பேசி எட்டு மாதம் ஆகிறது. பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு நாள் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். ஒருதரம் அண்ணனுடைய முறைநாளில் தீர்த்தகிரி இறைத்துவிட்டான். வாய்ப்பேச்சு கைகலப்பில் முடிந்தது. "இந்தக் கெணத்துல என்னைக்காச்சும் ஒரு உசுரு போகத்தான் போவுது" என்று மாதையன் அன்றைக்குச் சொன்னதை ஊரே கேட்டது.

அண்ணன் கத்தியோடு போனதும் தீர்த்தகிரி கடைக்கு வந்தான்.

"இப்ப அவரு வாங்கினதவிடப் பெருசா ஒண்ணு குடு."

"அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நாள்ல கத்தி வேணுங்களா?"

"இருக்குதா, இல்லியா?"

உலகச் சண்டை நடக்கிற காலம், நல்ல இரும்பு கிடைப்பது அபூர்வம். மோட்டார் வில்லுப்பட்டையில் அடித்த ஒன்றை சவுரியப்பன் எடுத்துக் கொடுத்தான். முக்கால் சாண் அலகு, மான்கொம்புப் பிடி. பெரிதாக இருந்தது, அது போதும் என்று வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து கத்தியை வேட்டி மடியில் செருகாமல் அவன் வாசலைத் தாண்டவில்லை.

"சோறு திங்கும்போதும் எதுக்குங்க அந்தக் கனம்?" என்றாள் மனைவி காசியம்மாள்.

"இருக்கட்டும்."

அண்ணனின் போக்கே மாறியிருந்தது. தீர்த்தகிரி இறைக்கிற நாளாகப் பார்த்து, தன் வேலையை விட்டுவிட்டு, கிணற்றுமேட்டு வேம்படியில் வந்து உட்கார்ந்துகொண்டான். பேசுவதில்லை. கத்தியை விரிப்பான், மடக்குவான். கண் மட்டும் இந்தப் பக்கமே இருக்கும்.

'நேரம் பார்க்கிறான்' என்று தீர்த்தகிரிக்கு உறுதியாகிவிட்டது. மாட்டைப் பார்ப்பதை விட்டு அண்ணனைப் பார்த்தபடியே கவலை ஓட்டினான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கிணற்றுக்குள் இறக்கிய இரும்புச் சால் தண்ணீரால் நிறைந்து, மாடுகள் சரிவில் இறங்கத் தொடங்கின. தீர்த்தகிரி வழக்கம்போல, சாலை இழுக்கும் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தான். திடீரென்று இடப்பக்கத்துக் காளை முன்னங்கால் மடங்கி விழுந்தது. தண்ணீரோடு தொங்கிய சாலின் கனம் மாடுகளையும் அவனையும் சேர்த்துக் கிணற்றை நோக்கிப் பின்னால் இழுத்தது. குதிக்கப் பார்த்தான். கயிறு கணுக்காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

விரித்த கத்தியோடு மாதையன் ஓடி வந்தான்.

தீர்த்தகிரியின் கை மடிக்குப் போனது. கத்தியை எடுத்தும்விட்டான். மடங்கிய அலகு விரியவில்லை. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

சரக்கென்று ஒரு சத்தம். அறுந்த வடம் கிணற்றுக்குள் பாய்ந்தது. தண்ணீரில் சால் போய் விழுந்தது கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கிணற்றின் விளிம்பு ஒரு முழத்தில் இருந்தது. மாதையன் அவன் காலில் சுற்றிய கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தான்.

"கெழட்டு மாடு. என்னைக்காச்சும் படுத்துடும்னு எனக்குத் தெரியும். சொன்னா சண்டைக்கு வருவ. வூட்டுக்கு ஓடி அருவா எடுத்தாறதுக்குள்ள நீ உள்ள போயிருப்ப. அதான் இதை வாங்கி வெச்சுக்கிட்டேன்."

தீர்த்தகிரி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் தம்பி கையிலிருந்த கத்தியை மாதையன் பார்த்தான். வாங்கி விரித்துப் பார்த்தான். ரொம்ப இறுக்கம்.

"வடத்த அறுக்கன்னு வாங்கினவன், விரிச்சுப் பாத்து வாங்க வேண்டாமாடா? ஆபத்துக்கு உதவாது இது" என்று சொல்லி, தன் கத்தியை மடக்கித் தம்பியின் மடியில் செருகினான்.