முருகன் படம் இருக்கும் சுவர்

மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று. மலேசியாவின் செமோர் ஊரில், அந்த வீட்டின் புதுச் சமையலறையில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் வெள்ளை டைல்ஸில் வழுக்குகிறது. வயர்மேன் உடையப்பன் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்க்கிறார். சுவருக்குள் எங்கோ வயர் அடிபட்டிருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் அவர் சோதனைப் படிவத்தில் சாப் அடித்து முத்திரை வைக்க மாட்டார். வாசலில் யுகேந்திரன் டைல்ஸ் ஒட்டிய கொந்த்ராக்டரைப் போனில் வறுத்தெடுக்கிறான். "ஒன் ஆளு டிரில் போட்டுத்தான் வயரு போயிருக்கு. சும்மா கதை விடாதலா!" உள்ளே அவன் மனைவி தினேஸ்வரி துடைத்த மேடையையே திரும்பத் துடைக்கிறாள். போன வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் முடிவதற்குள் முருகனை மாட்டிவிட வேண்டும் என்று சுத்தியலைத் தூக்கியவள் அவள்தான். கைக்குக் கிடைத்தது ஒரு நீள ஆணி. உடையப்பனின் விரல் பிளக்கிலிருந்து மெல்ல மேலே ஏறி, டைல்ஸைத் தாண்டி, படத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடுகிறது. "வயரு இப்பிடித்தான் மேல போகுது. காலையில கோழியோட நாசி லெமாக் சோறு சாப்பிட்டேன்க்கா, கவுச்சிக் கை. நீங்களே சாமிய எறக்குங்க." அவள் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் படத்தை எடுக்கிறாள். காய்ந்த மல்லிகை நாலைந்து மேடையில் உதிர்கிறது. சுவரில் ஆணியின் தலை மினுங்குகிறது. வாசலில் குரல் இன்னும் ஏறுகிறது. உடையப்பன் ஆணியைப் பார்க்கிறார், பிறகு முருகனை நெஞ்சோடு அணைத்து நிற்கும் அவளைப் பார்க்கிறார்.

"அக்கா," என்கிறார் தணிந்த குரலில், "அண்ணன மொதல்ல போன வைக்கச் சொல்லுங்கலா."