காக்கா மூக்கு

அப்பா மறுபடியும் செல்ஃப் அடித்தார். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை.

"ஏன்டா பெரியவனே, என்னடா கோவம் உனக்கு?" என்று ஸ்டீயரிங்கைத் தட்டிக் கேட்டார்.

பெரியவன் என்பது கார். என்னைவிட மூத்தது, அதனால் அந்தப் பெயர். நான் சின்னவள்.

பெரியவன் ஏன் கிளம்பவில்லை என்று சின்னவளுக்குத் தெரியும். காரணம் என் கைப்பைக்குள், கைக்குட்டையில் சுற்றி இருந்தது.

ரோட்டர். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்பு நிறச் சாமான். நுனியில் பித்தளைத் தகடு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குக் காக்கா மூக்கு என்று பெயர். சின்ன வயதில் நான் வைத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அது சுழன்றால்தான் பிளக்குக்குப் பிளக் கரண்ட் போகும். அதை உருவிவிட்டால் எஞ்சின் நாள் முழுக்கச் சுற்றும், கிளம்பாது.

உருவியது நான்தான்.

போன வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு ஒருத்தி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். நல்ல வெயில், நட்ட நடு ரோடு. நான் போட்ட கூச்சலில்தான் அப்பா பிரேக்கை மிதித்தார்.

"எங்கிருந்து வந்தா இவ?" என்று என்னைக் கேட்டார்.

அவள் எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தாள்.

இனிமேல் ஓட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருடுவதற்கு மட்டும் கை வந்தது. பெற்ற அப்பனிடம் கை வைத்த பாவி நான்.

அன்றிலிருந்து அவர் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே இருக்கிறார். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். பெட்ரோல் குழாயை உறிஞ்சிப் பார்த்து, காறிக் காறித் துப்பினார். சாப்பாட்டில்கூட பெட்ரோல் நாறுகிறது என்றார்.

டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் கை போகவே இல்லை.

கார் கிளம்பவில்லை என்றால் முதல் வேலையாக அந்த மூடியைத் திறக்கிற ஆள் அவர். தெருவில் எவர் கார் நின்றாலும் அங்கிருந்துதான் வைத்தியத்தை ஆரம்பிப்பார். அது எப்படி மறந்துபோகும்? கண்தான் மங்கிவிட்டது என்று நினைத்தேனே, ஞாபகமும் போகிறதா? அவர் திறக்கவில்லையே என்று ஒரு பக்கம் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் சீ என்றிருந்தது.

அப்பா காரிலிருந்து இறங்கி வந்து மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"கீறல் விழுந்துடும்ப்பா. கண்ணாடிக் கடையில குடுத்த மஞ்சத் துணி எங்க?"

"எங்கயோ வச்சேன்மா."

இதுவும் மறதிக் கணக்கில் சேர்ந்தது.

"வயசாயிடுச்சு. இனிமே அவ்வளவுதான்" என்றார்.

"யாருக்குப்பா?"

"பெரியவனுக்குத்தான். வேற யாருக்கு?"

உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் மெக்கானிக்கை வரச்சொல்லித் தொலைத்திருந்தார். திருட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. மெக்கானிக் தங்கமான மனிதர், அப்பா மேல் அத்தனை மரியாதை. ஆனால் வந்ததும் அந்த மூடியைத் திறப்பார். "என்ன சார், ரோட்டரே இல்லாமலா இத்தனை நாளா செல்ஃப் அடிச்சீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அப்பா அதோடு ஒடிந்துபோய்விடுவார்.

அப்பா கை கழுவ உள்ளே போனார்.

போட்டது போட்டபடி ஓடினேன். காக்கா மூக்கை இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். கார் கிளம்பட்டும், அவர் மானம் பிழைக்கட்டும். ஓட்ட வேண்டாம் என்பதை அப்புறம் காலில் விழுந்தாவது சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே மஞ்சள் துணி.

காக்கா மூக்கு உட்கார்கிற தண்டில், தூசி படாமல், துரு ஏறாமல் அழகாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. அப்பா செருகுகிற விதம் அது. வேட்டியையும் அப்படித்தான் செருகுவார்.

ரோட்டர் என் கையிலேயே இருந்தது.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மூடியை அப்படியே கவிழ்த்து, கிளிப்பை அழுத்திவிட்டு நிமிர்ந்தேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். நேராக அந்த மூடிக்குத்தான் கை போனது.

"அதை நான் மொத நாளே பாத்துட்டேன்பா" என்றார் பின்னாலிருந்து அப்பா. "அதுல ஒண்ணுமில்ல."

மெக்கானிக் கையை எடுத்துக்கொண்டார். எஞ்சின் விஷயத்தில் அப்பா சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

"அப்ப வேற என்ன சார் கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல. ஓடினவரைக்கும் போதும்னு விட்டுட்டேன். உக்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

அப்பா பானெட்டை இறக்கினார். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மூடினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சின்னவளே, மொதல்ல போய்க் கையைக் கழுவு. அப்புறம் டீ போடு."

குனிந்து பார்த்தேன். என் விரலெல்லாம் கறுப்பாக இருந்தது.