நாலு நிமிட இருட்டு

"மூவாயிரம் பேர் மேற்கோள் காட்டின கட்டுரை. முப்பது வருஷம் கழிச்சு எவனோ அதுல நொட்டை சொல்றான். படிம்மா, கேப்போம்," என்றார் பேராசிரியர்.

ஓய்வுபெற்ற பிறகும் உளவியல் துறை அவருக்கென்று விட்டுவைத்திருந்த பழைய சோதனை அறை அது. ஜன்னல் கிடையாது. விளக்கின் சுவிட்சுகூட வெளிச்சுவரில்தான் இருந்தது. கண் மங்கிப்போனவருக்கு அந்தத் துறையின் விரிவுரையாளர் ஒருத்திதான் எல்லாவற்றையும் படித்துக் காட்டுவாள். கட்டுரையின் மறுபதிப்புக்கு, பெயர் போடாத மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பு வந்திருந்தது.

"'ஐந்து வயதுச் சிறுமியை இருட்டில் நான்கு நிமிடம் தனியே விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விட்டது பத்தொன்பது நிமிடம்.' அப்படின்னு இருக்கு சார்."

அவர் முன்னால் சாய்ந்தார். "வேற?"

"'ஏழாவது நிமிடம் அவள் அழுகையை நிறுத்தியது பயம் தெளிந்ததால் அல்ல. குரல் போய்விட்டதால்.'"

"இது எப்படி வெளியில தெரியும்? உள்ள அவ இருந்தா, கதவுக்கு வெளியில நான் இருந்தேன். மூணாவது ஆளே இல்லையே." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கே ஞாபகம் இருக்காது. சின்னக் குழந்தை."

"அவ மறந்துட்டான்னு நீங்கதான் எழுதினீங்க சார். அவகிட்ட யாரும் கேக்கலையே."

காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. விளக்கு அணைந்தது.

துறைக்குள் அவரை ஒருநாளும் உறவு சொல்லி அழைக்காத மகளின் குரல், வெளியிலிருந்து நிதானமாகக் கேட்டது.

"பயப்படாதீங்க அப்பா. நாலே நிமிஷம்தான்."