ரசத்தில் ஒரு குறை

"எப்படிம்மா இருக்கு ரசம்?"

"பெருங்காயம் போறாது" என்றாள் மாமியார் ராஜம்.

லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு மருமகளாக வந்து நான்கு வருடமாக கீதாஞ்சலி தினமும் கேட்கிறாள். தினமும் ஒரு குறை வரும். தனக்குக் கைமணமே கிடையாது என்று அவள் நம்பியே விட்டாள்.

மறுநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் எதிர்வீட்டு வங்காளிப் பெண் மிதாலி ஓடிவந்தாள். "பௌதி, உங்க வீட்டுல ஏதோ கருகுது" என்றாள், அண்ணி முறை வைத்து.

அடுப்பில் பருப்பு கரியாகியிருந்தது. இரண்டடி தள்ளி, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி ராஜம் நிதானமாக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாசனையே வரலையாம்மா?"

கத்தி நின்றது. ராஜம் சொன்னாள்: "கொரோனா ஜுரத்தோட போச்சு. வாசனை, ருசி ரெண்டும். நீ இங்க வர்றதுக்கு முன்னாடியே."

"அப்போ நேத்து பெருங்காயம் போறாதுன்னேளே?"

"பேசாம சாப்பிட்டிருந்தா, என் நாக்கு செத்துடுத்துன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குமே."

மத்தியானம் ரசம் பரிமாறினாள் கீதாஞ்சலி. ஒரு வாய் குடித்துவிட்டு ராஜம் வழக்கமான கேள்விக்காக நிமிர்ந்தாள்.

கீதாஞ்சலி கேட்கவில்லை. தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பெருங்காயம் சரியாகத்தான் இருந்தது.