நாற்சந்தியில் ஓர் எலுமிச்சம்பழம்

ஹைட்ரஜன் அணுவைக் காட்டப் பள்ளி மைதானம் போதவில்லை. அதனால் அறிவியல் ஆசிரியை பொற்கொடி, பள்ளிக்கு எதிரே இருந்த நாற்சந்தியின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார்.

"அதுதான் புரோட்டான். அது அந்த அளவு இருந்தா, எலெக்ட்ரான் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சுத்தும். நடுவுல எதுவுமே கிடையாது."

"தொடாமலே எப்படி டீச்சர் சுத்த வைக்கும்?" என்று கேட்டாள் யாழிசை.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள், கீழே ஒரு ஸ்கூட்டர் பழத்தைப் பார்த்துச் சட்டென்று வளைந்தது. பின்னால் வந்த ஆட்டோவும் வளைந்தது. தண்ணீர் லாரி அரை வட்டம் அடித்தது. செல்போனில் பேசியபடி வந்தவர், பேச்சை நிறுத்தாமலே பழத்தைச் சுற்றிக்கொண்டு போனார். மாடியில் ஒரே கைதட்டல்.

அடுத்து வந்த பஸ் அப்படியே நின்றுவிட்டது. "யாரோ மந்திரிச்சு வச்சிருக்காங்கப்பா, நான் அது மேல வண்டிய ஏத்த மாட்டேன்" என்றார் டிரைவர். ஹாரன்கள் அலறின.

"அய்யோ, அது ஜூஸ் போட நான் வாங்கின பழம்!" என்று கத்திய பொற்கொடி, ஊரின் மூடநம்பிக்கையைத் திட்டிக்கொண்டே இறங்கி ஓடினார். கூட்டம் வழிவிட்டது. பழத்துக்கு நாலடி இருக்கும்போது அவருடைய கால்கள் தாமாகவே இடப்பக்கம் திரும்பின. ஒரு சுற்று வந்தார். கையை நீட்டினார். இன்னொரு சுற்றும் வந்தார்.

மாடியிலிருந்து யாழிசையின் குரல் கேட்டது: "டீச்சர், ரொம்பக் கிட்ட சுத்துறீங்க! ரயில்வே கேட்டுக்குப் போங்க!"