மூன்று பொட்டு நத்தை

"மூணு பொட்டுக்காரன் வந்துட்டான். இங்க வந்து பாரு."

பால்கனியில் முட்டி போட்டபடி சர்வேயர் குரல் கொடுத்தார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். பசலைத் தொட்டியின் விளிம்பில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டில் நகப்பூச்சால் வைத்த மூன்று சிவப்புப் பொட்டுகள்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"மத்தவங்க?"

"ஒரு பொட்டு தக்காளியில. ரெண்டு பொட்டு மிளகாயில. நாலு பொட்டைத்தான் காணோம்... இதோ, கத்திரி இலைக்கு அடியில படுத்திருக்கான். நாலு பேரும் ஆஜர்."

"நேத்து எங்க விட்டீங்க?"

"நூலகத்துக்குப் பின்னாடி. இங்கேருந்து ஒண்ணரைக் கிலோமீட்டர்." சர்வேயர் தலையைச் சொறிந்தார். "சாக்பீஸ்ல கோடு போட்டு நானே அளந்தேன். மணிக்கு நாலு மீட்டர்தான் போகுது. ராத்திரி பூரா நடந்தாலும் தெருமுனையைத் தாண்டாது. கணக்கு எங்கயோ உதைக்குதே."

"பால் வண்டியில தொத்திக்கிட்டு வந்திருக்கும்."

"நாலும் ஒரே வண்டியிலயா?"

"எனக்கென்னங்க தெரியும்? சர்வேயர் நீங்கதானே."

இரண்டு மாதத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்ததே பெரிய காரியம். தினமும் நடக்க வேண்டும், நடந்தால் மருந்தோடு போகும், நடக்காவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"முப்பது வருஷம் சங்கிலி பிடிச்சு ஊரையே அளந்து நடந்தாச்சு. வேலை வெட்டி இல்லாம சும்மா நடக்க நான் என்ன கிறுக்கனா?" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தான். மனைவி கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒரு நாள் அழுதும் பார்த்தாள். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று. நாற்காலி அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தொட்டிகளுக்கு நத்தை வந்தது. பெயின்ட் வாளி, ஓட்டைக் குடம், பழைய குளியல் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் விதை போட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்த செடிகள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள். சாம்பல் தூவினாள். தொட்டியைச் சுற்றிச் செம்புக் கம்பி கட்டினாள். அப்படியும் நாலு நத்தை மிஞ்சியது.

"உப்புப் போட்டா மண்ணு கெட்டுப்போகும். நசுக்கவும் மனசு வரலை. தெருமுனையில விட்டுட்டு வாங்களேன்" என்றாள். அவர் முனகிக்கொண்டே போய் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலையில் தொட்டிகளில் மறுபடியும் நாலு.

"அதே நத்தைங்களா இருக்குமோ?" என்று அவள் கேட்டாள்.

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. மகள் விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து, எல்லைக்கல்லுக்கு அடையாளம் வைப்பதுபோல ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பொட்டு வைத்தார். தெருமுனையில் விட்டார். திரும்பி வந்தன. பூங்காவில் விட்டார். வந்தன. அன்றிலிருந்து நாற்காலியில் ஆள் இல்லை. காலையில் டப்பாவும் நோட்டுமாகக் கிளம்பினால் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவார்.

"இன்னைக்கு எதிர்ப்பக்கம் போறேன்" என்றார் இப்போது, நத்தைகளை டப்பாவில் போட்டபடி. "அந்தப் பக்கம் பால் வண்டியே கிடையாது. ஆமா, மூணு பொட்டுக்காரன் நேத்தைவிடக் குண்டாயிருக்கானே?"

"என் பசலையைத் தின்னா குண்டாகாம என்ன செய்வான்?"

சர்வேயர் தொட்டியைப் பார்த்தார். பசலை இலைகள் சல்லடையாகக் கிடந்தன. அவருக்கே பாவமாக இருந்தது.

"உன் தோட்டம் பாழாப் போகுதேம்மா. என் ஆராய்ச்சியை நிறுத்திட்டு, மருந்து வாங்கிப் போட்டுடலாமா?"

"வேண்டாங்க" என்றாள் அவள் அவசரமாக. "கீரைதானே, மறுபடியும் துளிர்க்கும்."

அடுத்த மாதம் டாக்டரம்மா பரிசோதனைத் தாள்களை இரண்டு தடவை புரட்டினார்.

"இனி ஆபரேஷன் பேச்சே வேண்டாம். நல்லா நடக்கிறீங்கன்னு தெரியுது."

"நான் எங்க டாக்டர் நடக்கிறேன்? ஆராய்ச்சியில்ல பண்றேன்" என்றார் சர்வேயர்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டு மேசையில் ஊர் வரைபடத்தை விரித்துவைத்து, அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"நாலு கிலோமீட்டர் வரைக்கும் பார்த்தாச்சு. நாளைக்கு ஆத்துப் பாலத்தைத் தாண்டி அக்கரையில விடப்போறேன். தண்ணியை எப்படித் தாண்டி வராங்கன்னு பார்த்துடறேன்."

"அதையும் பார்த்துடுவோம்" என்று சொல்லிவிட்டு, அவள் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தண்ணீர்த் தொட்டியின் ஈரச் சுவரில் ஒட்டியிருந்தவற்றில் நாலு நத்தைகளைப் பொறுக்கிப் படியில் வைத்தாள். கூடைக்கு அடியில் ஒளித்து எடுத்து வந்த நகப்பூச்சைத் திறந்து ஒன்று, இரண்டு என்று பொட்டு வைக்க ஆரம்பித்தாள். மூன்று பொட்டுக்கு மட்டும் இந்தத் தடவையும் கொஞ்சம் ஒல்லியான நத்தையாகப் பார்த்து எடுத்திருந்தாள்.