இன்னும் ஒரு அட்மிஷன்

அரசுப் பள்ளி ஆசிரியை பிரிஸில்லா, பிள்ளை சேர்க்கக் கேட்டு, பெங்களூரு ஈஜிபுராவில் அன்று பத்தொன்பதாவது வீட்டுக் கதவைத் தட்டினார். பள்ளியில் இருப்பது ஒன்பது பிள்ளைகள். பத்து ஆகாவிட்டால் இந்த வருடம் மூடிவிடுவார்கள்.

கதவைத் திறந்த செண்பகத்திடம் அவர் எதையும் மறைக்கவில்லை. "அஞ்சு கிளாஸுக்கும் நான் ஒருத்திதாம்மா. மழை வந்தா ஒரு ரூம் ஒழுகும். ஆனா, பாடம் நல்லா நடத்துவேன்."

"என் பொண்ணு பக்கத்துத் தெரு இங்கிலீஷ் மீடியத்துல ரெண்டாவது படிக்கிறா. ஃபாரம் குடுங்க மிஸ், உங்ககிட்டயே சேர்த்துடறேன்."

பிரிஸில்லா பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தபடியே கேட்டார். "அந்த ஸ்கூல்ல சீட்டுக்கு அடிச்சுக்கிறாங்களே! டை, ஷூ, இங்கிலீஷ்... எல்லாத்தையும் விட்டுட்டா?"

செண்பகம் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பத்தாவதுல இங்கிலீஷ்ல ஃபெயில், மிஸ். அங்க அவ கிளாஸுக்கு இங்கிலீஷ் மிஸ்ஸே நான்தான்!"